நிக்கோட்டின் சூயிங் கம்: பதற்றத்தை எந்த அளவுக்குத் தணிக்கிறது?

நிக்கோட்டின் சூயிங் கம்மைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும், அதனால் புகைப்பழக்கம் விடுபடுமா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அதற்கு ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே விடை சொல்லிவிட்டன. மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018ஆம் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் தோல்பட்டை போன்ற நிக்கோட்டின் மாற்றுப் பொருள்களை (புகையில்லாமல் நிக்கோட்டினைத் தருபவற்றை) பயன்படுத்துவோர் புகையை விடுவதற்கான வாய்ப்பு 50 முதல் 60 விழுக்காடு வரை கூடுவதாகக் கண்டது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடக் குறுகிய கேள்வி. சிகரெட்டை நிறுத்திய முதல் சில வாரங்களில் வரும் பதற்றம், எரிச்சல், நிலைகொள்ளாமை ஆகியவற்றை இந்த கம் எந்த அளவுக்குத் தணிக்கிறது, எந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறேன். விட்டவர்கள் மறுபடியும் சிகரெட்டைத் தொடுவது பல நேரங்களில் இந்தப் பதற்றத்தைத் தாங்கமாட்டாமல்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல மருந்து. ஆனால் பதற்றம் ஏறிய பிறகு எடுத்து மெல்வோருக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும். கடிகாரத்தைப் பார்த்து மெல்வோருக்கே இது முழுமையாக உதவுகிறது.

இந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கம்மை மதிப்பிட முடியாது. புகையை உள்ளிழுத்தவுடன் நிக்கோட்டின் நுரையீரல் வழியாக ஏறத்தாழ 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்குச் சுமார் 2 மணி நேரம் போதும். ஆகவே வழக்கமாகப் புகைப்பவரின் உடல் பகல் முழுவதும் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. இறங்கும் ஒவ்வொரு முறையும் மெல்லிய பதற்றம் ஒன்று எழுகிறது, அடுத்த சிகரெட் அதை அடக்குகிறது. அப்படி அடங்குவதைத்தான் புகைப்பவர் 'சிகரெட் என் மனத்தை அமைதிப்படுத்துகிறது' என்று புரிந்துகொள்கிறார். உண்மையில் முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற குறையைத்தான் பிந்தைய சிகரெட் நிரப்புகிறது. 2014ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆனால் அந்தப் பலன் வாரங்கள் கடந்த பிறகு கிடைப்பது. நிறுத்திய முதல் நாளிலேயே தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்ல வடியும் பதற்றத்தைக் கடந்தாக வேண்டும். அந்த இடைவெளியில் பிடித்துக்கொள்ளும் கைத்தடியாகத்தான் கம் உருவாக்கப்பட்டது.

அது உருவான வரலாறும் சுவையானதே. 1967இல் சுவீடனின் லுண்ட் நகரத்து ஆய்வாளரான கிளாஸ் லுண்ட்கிரென், புகைக்கத் தடையுள்ள நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றிய மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலையைக் கொண்டு சமாளிப்பதைக் கவனித்து, மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஓவே ஃபெர்னோவுக்கு எழுதினார். நிக்கோட்டினை உடலுக்குள் செலுத்தப் புகை தேவையில்லை என்ற அந்தக் குறிப்பிலிருந்து வளர்ந்த கம், 1978இல் சுவிட்சர்லாந்திலும் 1984இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. 2009 முதல் உலகச் சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலும் நிக்கோட்டின் மாற்றுப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. மருந்துக்கடைப் பெட்டியின் வண்ணங்களைப் பார்த்து இதை மிட்டாய் வகையாக எண்ணுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

நான் பயன்படுத்தியது சர்க்கரை சேர்க்காத, புதினாச் சுவையுள்ள 4 மி.கி. வகை. 2 மி.கி. வகையும் உண்டு. எதை வாங்குவது என்பதற்குப் பல பெட்டிகளில் ஓர் எளிய அளவுகோல் அச்சிடப்பட்டிருக்கிறது: தூங்கி எழுந்த 30 நிமிடங்களுக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., அதற்குப் பிறகு பற்றவைப்பவருக்கு 2 மி.கி. ஒரு நாளில் எத்தனை சிகரெட் என்ற எண்ணிக்கையைவிடக் காலையில் எவ்வளவு விரைவில் கை தேடுகிறது என்பதே அடிமைத்தனத்தின் ஆழத்தை நன்றாகக் காட்டும் என்பதால், இது நேர்மையான அளவுகோல். ஆயினும் 'குறைவாக எடுப்பதுதான் பாதுகாப்பு' என்று நினைத்து 2 மி.கி. வாங்குவோர் பலர் இருக்கிறார்கள். இரவெல்லாம் இறங்கிய நிக்கோட்டின் அளவைக் காலையில் உடனே ஈடுகட்ட வேண்டியவருக்கு அது போதாது. அவர் பதற்றத்தோடு பகலைத் தொடங்கி, கம் வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு நண்பகலுக்குள் வந்துவிடுவார். ஒரு துண்டிலுள்ள நிக்கோட்டின் முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை. பாதி சேர்ந்தாலே நல்லது. 2 மி.கி. துண்டிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 1 மி.கி. என்று வைத்துக்கொண்டால், பெட்டியின் மேலுள்ள எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது விளங்கும்.

இனி, மெல்லும் முறை. இந்தப் பொருளின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கின்றன. நான் வாங்கிய பெட்டியிலோ அது எறும்பளவு எழுத்தில் உள்தாளின் நடுவில் ஒளிந்துகிடந்தது. சாதாரண சூயிங் கம்மைப் போல இடைவிடாமல் மென்றால், நிக்கோட்டின் உமிழ்நீரோடு கலந்து வயிற்றுக்குப் போய்விடும். வயிற்றுக்குப் போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் மூளைக்குச் சேர்வது கொஞ்சமே. மாறாக விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் ஆகியவைதான் மிச்சம். பதற்றத்தோடு இருப்பவருக்கு விக்கலும் குமட்டலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சரியான முறை இதுதான்: சில முறை மெதுவாக மென்று, மிளகைக் கடித்ததுபோல் ஒரு காரமோ மெல்லிய கூச்சமோ நாக்கில் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, துண்டைக் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தக் காரம் மறைந்ததும் மறுபடியும் சில முறை மென்று, வாயின் வேறொரு பக்கத்தில் ஒதுக்க வேண்டும். இப்படியே ஏறத்தாழ 30 நிமிடங்கள்.

இந்த ஒதுக்கலுக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. கம்மில் நிக்கோட்டின் ஒரு பிசினோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மெல்லும்போதுதான் சிறிது சிறிதாக விடுபடுகிறது. விடுபட்ட நிக்கோட்டின் வாயின் உட்புறத் தோல் வழியாக இரத்தத்தில் சேர வேண்டுமானால், வாயில் அமிலத்தன்மைக்கு எதிரான காரத்தன்மை (நாக்கில் படும் காரச்சுவை அல்ல) இருக்க வேண்டும். அதற்காகவே கம்மில் கார்பனேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. காபி, பழச்சாறு, குளிர்பானம் போன்ற அமிலத்தன்மையுள்ள எதைக் குடித்தாலும் வாயின் தன்மை மாறி, நிக்கோட்டின் உள்ளே போகும் வழி அடைபட்டுவிடும். மெல்வதற்கு 15 நிமிடங்களுக்கு முன்பிருந்தும், மெல்லும்போதும் தண்ணீரைத் தவிர எதையும் குடிக்கக் கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது. சிகரெட்டையும் காபியையும் சேர்த்தே பழகியவர் சிகரெட்டின் இடத்தில் கம்மை வைத்து, காபியை அப்படியே தொடர்வது இயல்பு. அந்தச் சேர்க்கையில் கம் ஏறக்குறைய வெறும் புதினா மிட்டாயாகிவிடும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், சிகரெட் தரும் வேகம் இதில் கிடைக்காது. இரத்தத்தில் நிக்கோட்டின் உச்சத்தை அடைய 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகிறது. அந்த உச்சமும் சிகரெட்டின் உச்சத்தைவிடத் தாழ்ந்தது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. விநாடிகளில் ஏறி மூளையைத் தட்டும் அந்த வேகம்தான் அடிமைத்தனத்தை வளர்க்கிறது. அதை மெதுவாக்குவதுதான் மருந்தின் நோக்கமே. ஆனால் அந்த மெதுவான இயல்பைப் பயன்படுத்துபவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, மூச்சு இறுகி, எதிரில் இருப்பவர் மேல் எரிந்துவிழும் நிலைக்கு வந்த பிறகு ஒரு துண்டை வாயில் போட்டால், அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் அந்த அலை தானாகவே தணிந்திருக்கும், அல்லது அவர் கடைக்குப் போய்ச் சிகரெட்டோடு திரும்பியிருப்பார். முதல் ஆறு வாரங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு, அடுத்த மூன்று வாரங்களுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரங்களுக்கு நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று அமெரிக்கப் பெட்டிகளில் அச்சிடப்படும் கால அட்டவணையைப் பலர் விருப்பத்திற்குரிய பரிந்துரையாகவே படிக்கிறார்கள். என் அனுபவத்தில் மருந்தே அந்த அட்டவணைதான். பதற்றம் இல்லாத நேரத்திலும் மணி பார்த்து மென்றபோது, நிக்கோட்டின் அளவு தரை தட்டாமல் ஒரு மட்டத்தில் நின்றது; அதனால் பெரிய அலைகளே எழவில்லை. எரிச்சல் அறவே போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே எழுந்து போகத் தூண்டும் அந்த நிலைகொள்ளாமை, நாள்கள் செல்லச் செல்ல, பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு இறங்கியது.

கம்மால் தணிக்க முடியாத பதற்றமும் உண்டு. அவற்றில் முதன்மையானது காபியால் வருவது; மருந்துக்கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. புகையிலுள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதிதான் காபியிலும் தேநீரிலும் உள்ள கஃபீனைச் சிதைக்கிறது. எனவே புகைப்பவரின் உடல் கஃபீனை வேகமாக வெளியேற்றுகிறது. புகை நின்ற சில நாட்களுக்குள் அந்த நொதி பழைய நிலைக்குத் திரும்பிவிட, வழக்கமான அளவு காபியைக் குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் ஏறத்தாழ இருமடங்காகத் தங்கிவிடுகிறது. விளைவு: படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. நிறுத்தியவர் இதையும் நிக்கோட்டின் ஏக்கம் என்றே எண்ணிக் கூடுதலாக ஒரு துண்டை மெல்கிறார். அந்த நொதியைத் தூண்டியது புகையே தவிர நிக்கோட்டின் அல்ல என்பதால் எத்தனை துண்டு மென்றாலும் இந்தப் படபடப்பு போகாது. குடிக்கும் காபியைப் பாதியாகக் குறைப்பதே இதற்கு மருந்து. அதற்குச் செலவும் இல்லை. இதே நொதியால் சிதைபவையே மனநோய்க்குத் தரப்படும் குளோசபின், ஓலன்சபின் ஆகியவையும் மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலினும். அவற்றை உட்கொள்வோர் புகையை நிறுத்தும்போது அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, மூச்சு. சிகரெட் பிடிப்பவர் ஒரு நாளில் பலமுறை வேலையை விட்டு எழுந்து, வெளியே சென்று, ஆழமாக இழுத்து மெதுவாக விடுகிறார். அந்த ஓய்வும் நீண்ட வெளிமூச்சும் தனியாகவே மனத்தைத் தணிக்கக்கூடியவை. பாராட்டு முழுவதும் சிகரெட்டுக்குப் போய்விட்டது. மேசையில் அமர்ந்தபடியே கம்மை மெல்பவருக்கு இந்த இரண்டும் இல்லாமல் போகின்றன. நான் அதே இடைவேளைகளை விடாமல் எடுத்துக்கொண்டு, கம்மைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு வெளியே நின்று மூச்சை நீளமாக விட்டேன். இதைத் தந்திரம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இது இல்லாமல் கம்மின் பயன் குறைவாகவே தெரிந்தது.

சுவையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதல் சில நிமிடங்களுக்குப் புதினா. அதன் பிறகு காரமும் லேசான கசப்பும். முதல் வாரத்தில் தொண்டை கரகரக்கும். துண்டு சாதாரண சூயிங் கம்மைவிடக் கெட்டியானது. நாள் முழுவதும் மெல்வோருக்குத் தாடை வலிக்கிறது, பொய்ப்பல் அணிந்தவர்களுக்கும் தாடை மூட்டில் கோளாறு உள்ளவர்களுக்கும் இது சரிப்படாது. அட்டையிலிருந்து துண்டைப் பிதுக்கி எடுக்க நல்ல நகம் தேவை. பதற்றத்தில் இருப்பவருக்கென்றே செய்யப்பட்ட பொருளை இவ்வளவு இறுக்கமாக அடைத்திருப்பதைக் காணும்போது சற்றே சிரிப்பு வந்தாலும், குழந்தைகள் எளிதில் பிரித்துவிடக் கூடாது என்ற காரணம் நியாயமானதே.

அளவு மிஞ்சினால் வருவதும் படபடப்புதான் என்பது இந்த கம்மின் பெரிய சிக்கல். நிக்கோட்டின் குறைந்தாலும் பதற்றம், கூடினாலும் பதற்றம். இரண்டையும் பிரித்தறிய நான் கவனித்த வேறுபாடு இது: குறைவால் வரும் பதற்றத்தில் எரிச்சலும் கவனச்சிதறலும் பசியும் முன்னிற்கும்; மிகுதியால் வருவதில் குமட்டல், தலைச்சுற்றல், வியர்வை, வேகமான நாடித்துடிப்பு ஆகியவை முன்னிற்கும். பின்னது தெரிந்தால் துண்டைத் துப்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 24 துண்டுகள் என்ற மேல்வரம்பு அமெரிக்கப் பெட்டிகளில் இருக்கிறது. நாட்டுக்கு நாடு இது மாறுகிறது, வாங்கிய பெட்டியில் உள்ளதையே பின்பற்ற வேண்டும்.

மற்ற வகைகளோடு ஒப்பிட்டால் கம்மின் இடம் இன்னும் தெளிவாகும். தோல்பட்டை மெல்லவும் ஒதுக்கவும் தேவையில்லாதது. காலையில் ஒட்டிவிட்டால் நாள் முழுவதும் சீராக நிக்கோட்டின் தருகிறது. கால அட்டவணையைப் பின்பற்ற முடியாதவருக்கு அதுவே சிறந்தது. இரவிலும் ஒட்டியிருந்தால் சிலருக்குத் தெளிவான, கலவரமான கனவுகள் வருகின்றன. பதற்றத்தால் ஏற்கெனவே தூக்கம் கெட்டவர்கள் படுக்கும் முன் கழற்றிவிடலாம். வாயில் கரையும் நிக்கோட்டின் மாத்திரை, தாடைக்கு வேலை தராமல் கம்மின் பணியையே செய்கிறது. ஒன்றைத் தனியாகப் பயன்படுத்துவதைவிட, பட்டையை ஒட்டிக்கொண்டு அவசரத்துக்கு கம்மையோ மாத்திரையையோ வைத்துக்கொள்வது வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ கால்பங்கு கூட்டுவதாகக் காக்ரேன் மதிப்பாய்வுகள் காட்டுகின்றன. பதற்றத்தைப் பொறுத்தவரையிலும் இந்தச் சேர்க்கையே பொருத்தமானது என்பது என் கருத்து: அடித்தளத்தைப் பட்டை பார்த்துக்கொள்ள, எழும் அலையை கம் பார்த்துக்கொள்ளும்.

பதற்றக் கோளாறுக்கு ஏற்கெனவே சிகிச்சை பெறுவோர், புகையை நிறுத்தினால் நோய் முற்றிவிடுமோ என்று அஞ்சுவதுண்டு. 2016இல் லான்செட் இதழில் வெளியான ஈகிள்ஸ் ஆய்வு 8,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநலச் சிக்கல் உடையவர்கள். வரெனிக்லின், புப்ரோபியான் (இரண்டும் புகையை விட உதவும் மாத்திரைகள்), நிக்கோட்டின் பட்டை, வெற்று மருந்து ஆகிய நான்கும் அதில் ஒப்பிடப்பட்டன. மனநலச் சிக்கல் உடையவர்களிடம் தொல்லைகள் கூடுதலாகவே பதிவாயின; ஆனால் வெற்று மருந்து உட்கொண்டவர்களிடமும் அப்படியே இருந்ததால், அதை மருந்துகளின் மேல் ஏற்ற முடியவில்லை. கம் அந்த ஆய்வில் இல்லை என்பதை மறக்கக் கூடாது. இத்தகையோர் தாமாகப் பெட்டி வாங்கித் தொடங்குவதைவிட, தமக்குச் சிகிச்சை தரும் மருத்துவரோடு திட்டமிட்டு நிறுத்துவதே பொருத்தம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும், சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்கும், கருவுற்றிருப்போருக்கும் இதே அறிவுரை பொருந்தும்.

கம்மை நிறுத்துவது பற்றியும் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் மெல்வோர் சிலர் உண்டு. ஆயினும் புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லாததால், மறுபடி சிகரெட்டுக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல். அட்டவணையின் பிற்பகுதியில் இடைவெளியை நீட்டும்போது பதற்றம் மீண்டும் தலைகாட்டினால், ஒரு படி பின்வாங்கிச் சில நாள்கள் அங்கேயே நின்று பிறகு தொடரலாம். நான் 4 மி.கி.யிலிருந்து 2 மி.கி.க்கு இறங்கி, பின்னர் ஒன்றுவிட்டு ஒரு வேளைக்குச் சாதாரண சூயிங் கம்மை மென்றேன். மென்று முடித்த துண்டிலும் நிக்கோட்டின் மிச்சமிருக்கும் என்பதால், அதைத் தாளில் சுற்றி, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத குப்பைத்தொட்டியில் போட வேண்டும்.